1940 கோடையின் இளம் விமானிகள்: அச்சமும் இழப்பும் உருவான விதம்

போர் விமானிகளைப் பற்றிய நாடகங்களும் திரைப்படங்களும் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன: இருபது வயதுகூட நிரம்பாத இந்த இளைஞன் தன் பயத்தை வெல்வானா, மாட்டானா? புதிதாக வந்து சேரும் ஒருவன், சிடுசிடுக்கும் தலைவன், காலையில் நிறைந்திருந்து மாலையில் காலியாகிவிடும் உணவு மேசை, கை நடுக்கத்தை மறைக்கத் தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் பற்றிக்கொள்ளும் மூத்த விமானி ஆகியவை இவ்வகைக் கதைகளின் வழக்கமான காட்சிகள். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆயினும் இவற்றை மட்டும் பார்ப்பவருக்கு, பிழைத்தவன் துணிச்சல்காரன் என்றும் மாண்டவன் எங்கோ தடுமாறிவிட்டவன் என்றும் ஒரு மயக்கம் ஏற்பட்டுவிடுகிறது. 1940இல் பிரிட்டன் தன் வானில் ஜெர்மானிய விமானப்படையோடு நடத்திய பிரிட்டன் வான்போரை அருகில் சென்று பார்த்தால், அந்தப் பயத்துக்கும் இழப்புக்குமான காரணங்களில் பெரும்பகுதி விமானியின் நெஞ்சுக்கு வெளியே இருந்தது தெரியவரும். எத்தனை மணி நேரம் பயிற்சி கிடைத்தது, எந்த அணிவகுப்பில் பறக்கச் சொன்னார்கள், எரிபொருள் தொட்டி எங்கே பொருத்தப்பட்டிருந்தது, எத்தனை நாள் ஓய்வின்றிப் பறந்தார் என்பவையே பல வேளைகளில் ஓர் இளைஞனின் விதியைத் தீர்மானித்தன.

1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை நடந்ததாக பிரிட்டன் அரசு வரையறுத்த இந்தப் போரில், பிரிட்டனின் போர் விமானப் பிரிவு சார்பில் பறந்தவர்கள் ஏறத்தாழ 2,900 பேர். அவர்களில் 544 பேர் அந்த நான்கு மாதங்களுக்குள்ளேயே மாண்டனர். மேலும் கிட்டத்தட்ட 800 பேர் 1945இல் போர் முடிவதற்குள் இறந்தனர். பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். இழப்பு எல்லா நாட்களிலும் ஒரே அளவில் இருக்கவில்லை. ஆகஸ்ட் 24 முதல் செப்டம்பர் 6 வரையிலான இரண்டு வாரங்களில் மட்டும் 103 விமானிகள் கொல்லப்பட்டு, 128 பேர் படுகாயமடைந்தனர். அப்போது போருக்குத் தயாராக இருந்த விமானிகளின் மொத்த எண்ணிக்கையே ஆயிரத்தை ஒட்டித்தான் இருந்தது. பதினான்கு நாட்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரை இழந்த ஒரு படையில், ஒவ்வொரு காலையும் அருகில் அமர்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்து எழும் எண்ணம் எத்தகையது என்பதை ஊகிக்க நாடகாசிரியர் தேவையில்லை.

இந்தப் போரோடு தமிழ்நாட்டுக்கும் ஓர் உண்மையான தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்கள் (விமான அணிகள்) 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயரைத் தாங்கியவை. அன்றைய சென்னை மாகாணத்தில் திரட்டப்பட்ட போர் நிதிக்கு ஈடாக இந்தப் பெயர் வழங்கப்பட்டது. நிதி திரட்டலை எல்லோரும் மனமுவந்து ஏற்றார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1939 அக்டோபரில் ராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகியிருந்தது, 1940 அக்டோபரில் காந்தி தொடங்கிய தனிநபர் சத்தியாகிரகத்தின் முழக்கமே இந்தப் போருக்கு ஆளாகவோ பணமாகவோ உதவுவது தவறு என்பதுதான். எப்படியிருப்பினும், நம் மாகாணத்தின் பெயர் ஒட்டிய இந்த ஸ்குவாட்ரன்களில் இரண்டின் கதை, நான் சொல்ல வரும் செய்திக்கு மிகத் தெளிவான சான்றாக அமைந்திருக்கிறது.

முதலில் பயிற்சியைப் பார்க்கலாம். 1940 மே, ஜூன் மாதங்களில் பிரான்ஸில் நடந்த போரில் பிரிட்டன் நூற்றுக்கணக்கான போர் விமானங்களையும், அதைவிட ஈடுசெய்யக் கடினமான அனுபவசாலிகளையும் இழந்திருந்தது. தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடியதால் விமானங்களின் எண்ணிக்கை விரைவில் மீண்டுவிட்டது. விமானியை அப்படித் தயாரிக்க முடியாது. எனவே, அடிப்படைப் பயிற்சி முடித்தவர்களைப் போர் விமானத்துக்குப் பழக்கும் இறுதிக்கட்டப் பயிற்சி, நான்கு வாரத்திலிருந்து இரண்டு வாரமாகச் சுருக்கப்பட்டது. ஸ்பிட்ஃபயர் அல்லது ஹரிக்கேன் விமானத்தில் பத்து, இருபது மணி நேரம் மட்டுமே பறந்த அனுபவத்தோடு இளைஞர்கள் போர்முனைக்கு வந்து சேர்ந்தார்கள். வானில் ஒருமுறைகூடத் துப்பாக்கியை இயக்கிப் பார்க்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஸ்பிட்ஃபயரின் எட்டு இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் இருந்த குண்டுகள் ஏறத்தாழ 15 விநாடிகளில் தீர்ந்துவிடும். அந்த 15 விநாடிகளை எப்போது, எவ்வளவு நெருங்கிச் சென்று, இரண்டிரண்டு விநாடிகளாகப் பிரித்துச் செலவிடுவது என்பதைச் சொல்லித்தர ஸ்குவாட்ரனில் யாருக்கும் நேரமில்லை. அங்கிருந்தவர்கள் ஒரு நாளில் மூன்று, நான்கு முறை மேலெழுந்து, இறங்கி, உறக்கத்துக்கு ஏங்கிக்கொண்டிருந்தார்கள்.

பழைய அணிவகுப்பு முறை இந்தக் குறையை இன்னும் பெரிதாக்கியது. பிரிட்டிஷ் விமானங்கள் மூன்று மூன்றாக, அம்புமுனை வடிவில், மிக நெருக்கமாகப் பறக்கும்படி பயிற்றுவிக்கப்பட்டிருந்தன. பார்வைக்கு அழகான வடிவம்தான். ஆனால் இருபுறமும் பறப்பவர்கள் தலைவரின் இறக்கையோடு மோதாமல் இருப்பதிலேயே கண்ணை வைத்திருக்க வேண்டியிருந்ததால், சூரியனிலிருந்து பாய்ந்து வரும் எதிரியைத் தேடிப் பார்க்க ஒருவர்தான் மிஞ்சினார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாடம் கற்ற ஜெர்மானியர்கள், இரண்டு சோடிகளாக, நான்கு விமானங்கள் விரல் நுனிகளைப் போல விலகிப் பறக்கும் முறைக்கு மாறியிருந்தார்கள். அதில் நால்வரும் வானைத் தேட முடியும். ஒவ்வொருவரின் முதுகையும் இன்னொருவர் காக்க முடியும். தென்னாப்பிரிக்கரான செய்லர் மாலன் போன்ற சில ஸ்குவாட்ரன் தலைவர்கள் போரின் நடுவிலேயே தங்கள் அணிவகுப்பை மாற்றிக்கொண்டார்கள். மாற்றாத இடங்களில், பெரும்பாலும் அணியின் கடைசியில் பறந்த புதியவரே முதலில் வீழ்ந்தார். தன்னைச் சுட்டது யார் என்பதை அவர் பார்க்கவே இல்லை. இத்தகைய மரணத்தில் துணிச்சலுக்கோ கோழைத்தனத்துக்கோ இடமேது?

இதை மறுபக்கத்திலிருந்து உறுதிப்படுத்துவது போலந்து நாட்டவரின் 303ஆம் ஸ்குவாட்ரன். ஆகஸ்ட் 31ஆம் தேதிதான் அது போரில் இறக்கப்பட்டது. ஆனாலும் ஆறு வாரங்களுக்குள் ஹரிக்கேன் ஸ்குவாட்ரன்களிலேயே மிக அதிகமான விமானங்களை வீழ்த்தியதாகப் பதிவு பெற்றது. தாய்நாட்டை இழந்த வெறி அவர்களை வெல்ல வைத்தது என்று கதைகள் சொல்லும். வெறி இருந்தது உண்மையே. அதைவிட முக்கியமாக, அவர்களுக்குப் பல ஆண்டுகள் பறந்த அனுபவம் இருந்தது. ராடாரும் வானொலியும் குறைந்த சூழலில் பழகியதால், ஓயாமல் வானைத் துழாவும் பழக்கமும் மிக நெருங்கிச் சென்று சுடும் பழக்கமும் அவர்களிடம் ஊறிப்போயிருந்தன.

இனி மெட்ராஸ் பெயர் தாங்கிய 234ஆம் ஸ்குவாட்ரனின் பாப் டோவிடம் வருவோம். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் எடுபிடிப் பையனாக வேலை பார்த்தவர். 1940 ஆகஸ்டில் அவருக்கு வயது 20. தம் ஸ்குவாட்ரனிலேயே மிக மோசமான விமானி தாமே என்று நம்பியதாகவும், தலைகீழாகப் பறப்பதே தமக்குப் பிடிக்காது என்றும், ஆகஸ்ட் 15ஆம் தேதி முதல் சண்டைக்குப் புறப்பட்டபோது திரும்பி வரப்போவதில்லை என்பதில் உறுதியாக இருந்ததாகவும் அவர் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பிறகு ஏன் போனார்? மற்றவர்கள் தம்மைக் கோழை என்று எண்ணிவிடுவார்கள் என்ற பயம், இறப்பின் மீதிருந்த பயத்தைவிடப் பெரிதாக இருந்தது என்பதே அவர் தந்த விளக்கம். அன்று அவர் எதிரி விமானங்களை வீழ்த்திவிட்டு உயிரோடு திரும்பினார்.

அதற்குப் பின் அவர் செய்ததுதான் என்னை மிகவும் ஈர்க்கிறது. பிழைத்தது அதிர்ஷ்டத்தால்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றிரவு படுக்கையில் கிடந்தபடி யோசித்தார். தம்மைச் சுடப்போகிறவர் பின்னாலிருந்துதான் வருவார். குண்டுகளின் ஒளிக்கோடு இறக்கையைத் தாண்டிப் போவதைக் கண்ட பிறகு, என்ன செய்வதென்று எண்ணிப் பார்க்க நேரம் இருக்காது. எனவே, அப்படி எதையேனும் கண்ட மாத்திரத்தில் கட்டுப்பாட்டுக் கோலை முன்னோக்கித் தள்ளிவிட வேண்டும் என்று முடிவு செய்து, அந்த அசைவு சிந்தனையின்றி நிகழும்வரை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தார். பயிற்சி நிலையம் தந்திருக்க வேண்டிய பாடத்தை இருபது வயது இளைஞர் தாமே இரவில் வகுத்துக்கொண்டார். போர் முடிவதற்குள் அவர் பதினான்கு விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு. இப்படி யோசிக்க ஓர் இரவாவது கிடைத்ததே அவருக்கு வாய்த்த நற்பேறு. முதல் சண்டையிலேயே வீழ்ந்தவர்களுக்கு அந்த ஓர் இரவுகூடக் கிடைக்கவில்லை. அதே ஸ்குவாட்ரன் செப்டம்பர் 7ஆம் தேதி ஒரே நாளில் தன் தலைவர் ஓ'பிரையனையும், தலைசிறந்த விமானியான ஆஸ்திரேலியர் பாட் ஹியூஸையும் இழந்தது. சில நாட்களில் அது அமைதியான பகுதிக்கு அனுப்பப்பட்டது.

264ஆம் ஸ்குவாட்ரனின் கதை இன்னும் கசப்பானது. அவர்களுக்குத் தரப்பட்ட டிஃபயன்ட் விமானத்தில் முன்னோக்கிச் சுடும் துப்பாக்கி ஒன்றுகூட இல்லை. விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டு ஒன்றில் அமர்ந்த துப்பாக்கி வீரரே நான்கு துப்பாக்கிகளையும் இயக்க வேண்டும். 1940 மே இறுதியில் பிரான்ஸின் டன்கிர்க் கடற்கரையின் மேல் இது வியப்பூட்டும் வெற்றி பெற்றது. மே 29 அன்று ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாக அந்த ஸ்குவாட்ரன் அறிவித்தது. ஜெர்மானியர்கள் இதை ஹரிக்கேன் என்று தவறாக எண்ணிப் பின்னாலிருந்து தாக்க வந்து மாட்டிக்கொண்டார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்த எண்ணிக்கை மிகைப்பட்டது என்பது பின்னர் தெரியவந்தது. அதற்குள் எதிரி பாடம் கற்றுக்கொண்டுவிட்டார்: முன்னாலிருந்தும் அடியிலிருந்தும் தாக்கினால் டிஃபயன்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஜூலை 19ஆம் தேதி இன்னொரு டிஃபயன்ட் ஸ்குவாட்ரனான 141இன் ஒன்பது விமானங்களில் ஆறு வீழ்த்தப்பட்டபோதே இந்த உண்மை வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. அப்படியிருந்தும் ஆகஸ்ட் 22 அளவில் 264ஆம் ஸ்குவாட்ரன் லண்டனுக்குக் கிழக்கே உள்ள ஹார்ன்சர்ச்சுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆகஸ்ட் 24 அன்று அதன் தலைவர் ஃபிலிப் ஹன்டர் ஒரு குண்டுவீச்சு விமானத்தைக் கடலை நோக்கித் துரத்திச் சென்றார். அவரும் அவருடைய துப்பாக்கி வீரர் ஃபிரெட் கிங்கும் திரும்பவில்லை. ஒரு வாரத்துக்குள் ஸ்குவாட்ரன் சிதைந்து, வடக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

அந்தச் சுழல்கூண்டைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வான்குடைப் (பாராசூட்) பையோடு உட்காரப் போதிய இடம் இல்லாததால், அதனுள் இருந்தவர் வான்குடையை உள்ளே வைத்துத் தைத்த தனி உடை ஒன்றை அணிந்திருந்தார். கூண்டைத் திருப்பும் இயந்திரம் அடிபட்டால் வெளியேறும் கதவு சரியான திசைக்கு வராது. விமானி மேலே ஏறிக் குதித்துவிட முடியும். அவரை நம்பிப் பின்னால் அமர்ந்தவர் பெரும்பாலும் விமானத்தோடு வீழ்ந்தார். தனக்குப் பின்னால் ஒருவர் அடைபட்டிருக்கிறார் என்ற நினைவோடு வான்குடையின் கயிற்றை இழுத்த விமானிகளின் மனநிலையை எந்த நாடகமும் இதுவரை முழுமையாகக் காட்டியதாக நான் கருதவில்லை.

துப்பாக்கிக் குண்டைவிட விமானிகள் அதிகம் அஞ்சியது நெருப்புக்கு. ஸ்பிட்ஃபயரின் 85 காலன் பெட்ரோல், அதாவது ஏறத்தாழ 385 லிட்டர், விமானிக்கு நேர் முன்னால், கருவிப் பலகைக்கு அப்பால் இருந்த இரண்டு தொட்டிகளில் இருந்தது. ஹரிக்கேனிலும் விமானியின் முன்னால் ஒரு தொட்டியும் இரு இறக்கை அடிகளில் தொட்டிகளும் இருந்தன. தொட்டி பிளந்தால் தீ நேராக முகத்துக்கும் கைகளுக்கும் பாயும். கையுறையையும் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டுப் பறந்தவர்கள் சில விநாடிகளில் இமைகளையும் விரல்களையும் இழந்தார்கள். ஆகஸ்ட் 16ஆம் தேதி எரியும் விமானத்திலிருந்து குதிக்காமல் எதிரியைச் சுட்ட ஜேம்ஸ் நிக்கல்சனுக்கு பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை கிடைத்தது. போர் விமானப் பிரிவு பெற்ற ஒரே விக்டோரியா சிலுவை அதுதான். அவர் 1945 மே 2ஆம் தேதி, வங்காள விரிகுடாவில் விழுந்த ஒரு குண்டுவீச்சு விமானத்தில் இறந்தார்.

தீயில் கருகியவர்கள் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிற்றூரின் குயீன் விக்டோரியா மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்கள். நியூசிலாந்தில் பிறந்த அறுவை மருத்துவர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ, கடலில் விழுந்தவர்களின் புண்கள் நன்றாக ஆறுவதைக் கவனித்து, உப்புநீர்க் குளியலைச் சிகிச்சையாக்கினார். புண்ணின் மேல் ஓடுபோல் இறுகும் டானிக் அமிலப் பூச்சை நிறுத்தப் போராடினார். அவர் அறிந்திருந்த இன்னொன்றும் அதே அளவு முக்கியமானது: இருபது வயதில் முகத்தை இழந்தவருக்குத் தோலைவிட முதலில் தேவைப்படுவது மனிதர்கள். நோயாளிகள் மருத்துவமனை உடைக்குப் பதிலாகச் சீருடையே அணிய அனுமதித்தார். கூடத்தில் பீர்ப் பீப்பாய் வைத்தார். ஊர் மக்களிடம் பேசி, இவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் வீட்டுக்கு அழைக்கச் செய்தார். 1941இல் நோயாளிகளே 'கினி பிக் கிளப்' (சோதனை விலங்குகளின் சங்கம்) என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். கால்கள் எரிந்தவர் பொருளாளர், ஏனெனில் அவரால் பணத்தோடு ஓட முடியாது. விரல்கள் எரிந்தவர் செயலாளர், ஏனெனில் அவர் நீண்ட குறிப்புகள் எழுத மாட்டார். அந்தச் சிரிப்பு அவர்களே தேர்ந்துகொண்டது. போர் முடிந்தபோது சங்கத்தில் 649 உறுப்பினர்கள் இருந்தார்கள்.

பறப்பதைவிடக் காத்திருப்பதே கொடியது என்று உயிர் பிழைத்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். கோடையில் பொழுது புலருமுன்பே எழுந்து, ஓடுபாதையோரக் குடிசையில் மிதவை உடையோடு சாய்வு நாற்காலிகளில் கிடக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் புறப்படத் தயாராக இருப்பது ஒரு நிலை. விமானத்திலேயே அமர்ந்து இரண்டு நிமிடத்தில் கிளம்புவது இன்னொரு நிலை. பிரான்ஸின் கலே முனையிலிருந்து டோவர் வரை ஏறத்தாழ 33 கிலோமீட்டர் தொலைவே இருந்ததால், எதிரி சில நிமிடங்களில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்துவிடுவார். ஆகவே தொலைபேசி மணி அடித்ததும் ஓட வேண்டும். அந்த மணி தாக்குதல் அறிவிப்பாகவும் இருக்கலாம், தேநீர் வந்துவிட்டது என்ற செய்தியாகவும் இருக்கலாம். மணியோசை கேட்டதும் குடிசைக்குப் பின்னால் சென்று வாந்தியெடுத்துவிட்டு விமானத்துக்கு ஓடியவர்கள் உண்டு. பல ஆண்டுகள் கழித்தும் வீட்டில் தொலைபேசி ஒலித்தால் வயிறு கலங்கியவர்களும் உண்டு. எதிரணியிலும் இதே நிலைதான். லண்டனுக்கு மேல் பத்து நிமிடம் அளவுக்கே எரிபொருள் போதுமான நிலையில், எச்சரிக்கை விளக்கைப் பார்த்தபடி கடலைத் திரும்பக் கடக்க வேண்டியிருந்த ஜெர்மானிய விமானிகள் தங்கள் வயிற்று வலிக்கும் உறக்கமின்மைக்கும் 'கால்வாய் நோய்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இறந்தவர்களைப் பற்றி அவர்கள் அதிகம் பேசவில்லை. காணாமற்போனவரின் அறைக்கு ஒரு குழு வந்து உடைமைகளைக் கணக்கெடுக்கும்; வீட்டாரைப் புண்படுத்தக்கூடிய கடிதங்கள் இருந்தால் தனியே எடுத்துவிடும். ஸ்குவாட்ரன் தலைவர் பெற்றோருக்கு எழுதுவார். மறுநாள் அதே படுக்கைக்கு வேறொருவர் வருவார். பிக்கின் ஹில் தளத்து விமானிகள் மாலையில் கூடிய பிராஸ்டெட் ஊர் மதுக்கடையில், சன்னலை மறைக்கும் கரும்பலகை ஒன்றில் அவர்கள் சாக்கட்டியால் கையெழுத்திட்டார்கள். அதிகாரிகளும் சார்ஜென்ட் விமானிகளும் வானில் இறக்கையோடு இறக்கை ஒட்டிப் பறந்தாலும் தரையில் தனித்தனி உணவுக்கூடங்களில் உண்டார்கள் என்பதால், பக்கத்தில் பறந்தவரின் இறப்பை அடுத்த கூடத்தில் இருந்தவர் துக்கம் விசாரிக்கவும் வழியில்லாமல் போனது. இந்த மௌனத்தை ஆங்கிலேயரின் இறுக்கமான குணம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நாளை அதிகாலை மீண்டும் பறக்க வேண்டியவர்களுக்கு அழுது தீர்க்க நேரம் ஒதுக்கப்படவில்லை என்பதே சரியான விளக்கமாக எனக்குப் படுகிறது. தள்ளிவைக்கப்பட்ட அந்தத் துக்கத்தைப் பலர் அறுபது, எழுபது வயதில்தான் முதன்முறையாக வெளிப்படுத்தினார்கள்.

தாங்க முடியாமல் பின்வாங்கியவரின் மீது விமானப்படை அன்பு காட்டவில்லை. மருத்துவக் காரணம் இல்லாமல் பறக்க மறுப்பவர்களை 'மன உறுதி குறைந்தவர்' என்று கோப்பில் குறித்து, பதவியையும் இறக்கைச் சின்னத்தையும் பறிக்க வழிசெய்யும் ஆணை 1940இலேயே வந்துவிட்டது. பிற்காலத்தில் குண்டுவீச்சுப் படையினரையே இது அதிகம் பாதித்தது. நோயையும் குற்றத்தையும் ஒன்றாக்கிய கொடிய ஏற்பாடு இது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே நிர்வாகம், பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளாமலேயே, பயத்துக்கு ஓர் அளவு உண்டு என்பதையும் மெல்ல ஏற்றுக்கொண்டது. களைத்த ஸ்குவாட்ரன்களை முழுமையாக மாற்றும் அளவுக்குப் புதிய ஸ்குவாட்ரன்கள் இல்லாத நிலையில், செப்டம்பர் 8ஆம் தேதி அளவில் தலைமைத் தளபதி ஹியூ டவுடிங் அவற்றை மூன்று வகையாகப் பிரித்தார். தென்கிழக்கில் சண்டையிடும் முதல் வகைக்கு முழுப் பயிற்சி பெற்றவர்கள் மட்டும்; அமைதியான பகுதிகளில் இருந்த மூன்றாம் வகையில் சில அனுபவசாலிகளின் கீழ் புதியவர்கள் பழக வேண்டும். ஸ்குவாட்ரன்களின் ஒற்றுமையைக் குலைக்கும் இந்த முறையை டவுடிங்கே விரும்பவில்லை. எனினும் பத்து மணி நேர அனுபவத்தோடு ஒருவரை லண்டன் வானுக்கு அனுப்பும் வழக்கத்துக்கு அது அணை போட்டது. பின்னர் போர் விமானிக்கு 200 மணி நேரப் போர்ப் பறப்பே ஒரு சுற்று என்றும், அதன் பிறகு ஓய்வாகப் பயிற்றுநர் பணி என்றும் விதி நிலைத்தது.

பாப் டோ அக்டோபரில் சுடப்பட்டுக் காயத்தோடு குதித்தார். 1941 ஜனவரியில் நேர்ந்த இன்னொரு விபத்தில் முகம் சிதைந்து, 22 அறுவைகளுக்கு உள்ளானார். அதன் பிறகு பயிற்சி நிலையத்தில் இளைஞர்களுக்குக் கற்றுத்தரும் பணி அவருக்குக் கிடைத்தது. 1943 டிசம்பரில் இந்திய விமானப்படையின் 10ஆம் ஸ்குவாட்ரனை உருவாக்கும் பணி தொடங்கியபோது, 23 வயதான அவர் அதன் தலைவராக நியமிக்கப்பட்டார். மாதக்கணக்கில் பயிற்சி பெற்ற பிறகே அந்த ஸ்குவாட்ரன் பர்மா போர்முனைக்குச் சென்றது.